செகண்ட் ஹேண்ட் ஹை-எண்ட் ஆடியோ கேபிள்: ஒரிஜினலா, டூப்ளிகேட்டா... எதை வைத்து முடிவு செய்வது?

காதை நம்பி வாங்க முடியாது. சீரியல் நம்பர் இருந்தாலும் முழுசாக நம்ப முடியாது. லட்சங்களில் விலை போகும் பழைய ஆடியோ கேபிள்களை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஒயர் மீட்டர் நூறு, இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஜோடி பல லட்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது. இந்த இரண்டாவது ரகத்தை ஷோரூம் விலையில் வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் ஹை-ஃபை பிரியர்கள் பலர் போவது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு. ஒருவர் தன் சிஸ்டத்தை மாற்றும்போது பழைய கேபிளை விற்பார், இன்னொருவர் பாதி விலைக்கு வாங்குவார். இரண்டு பேருக்கும் லாபம்.

சிக்கல் என்னவென்றால், இதே சந்தையில் டூப்ளிகேட்டும் ஓடுகிறது. அமெரிக்காவின் நார்டோஸ்ட், ஆடியோகுவெஸ்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரில் போலிகள் விற்கப்படுவதாக வாடிக்கையாளர்களை வெளிப்படையாகவே எச்சரித்துள்ளன. கேபிள் மட்டுமல்ல, அதன் முனையில் மாட்டும் கனெக்டர்களுக்கும் இதே கதைதான். ஜப்பானின் ஃபுரூடெக், லிச்டென்ஸ்டைனின் நியூட்ரிக் ஆகிய பிராண்டுகளின் பெயரிலும் போலிகள் வந்திருக்கின்றன.

கைப்பை, வாட்ச், ஷூ என எல்லாவற்றுக்கும் டூப்ளிகேட் வருகிறது. 2021-ல் உலக அளவில் நடந்த போலிப் பொருள் வர்த்தகம் 467 பில்லியன் டாலர் என்றும், அது உலக இறக்குமதியில் 2.3 சதவிகிதம் என்றும் ஓ.இ.சி.டி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமும் சேர்ந்து மதிப்பிட்டுள்ளன. ஆனால் கேபிளில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. டூப்ளிகேட் போனை ஆன் செய்து பத்து நிமிடம் பயன்படுத்தினாலே சந்தேகம் வந்துவிடும். டூப்ளிகேட் கேபிளை மாட்டினால் பாட்டு வழக்கம்போல ஓடும்.

கேபிளை காப்பி அடிப்பது ஏன் சுலபம்?

ஒரு ஆடியோ கேபிளுக்குள் சிப் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. செம்பு அல்லது வெள்ளிக் கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், சிலவற்றில் ஒரு ஷீல்டு, வெளியே பின்னல் உறை, இரண்டு முனையிலும் கனெக்டர். அவ்வளவுதான். அதிக விலைக்குக் காரணமாகச் சொல்லப்படும் விஷயங்கள், அதாவது கம்பியின் தூய்மை, இழைகள் முறுக்கப்பட்ட விதம், இன்சுலேஷனின் தரம் ஆகிய எல்லாமே உறைக்கு உள்ளே மறைந்திருக்கின்றன. வாங்குபவர் பார்ப்பது உறையையும் கனெக்டரையும் மட்டும்தான். போலி தயாரிப்பவர் அந்த இரண்டையும் அச்சு அசலாகச் செய்தால் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கேபிளை வெட்ட வேண்டும். வெட்டிப் பார்த்த கேபிளை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரிஜினலாகவே இருந்தாலும் அதன் மதிப்பு அந்த நிமிடமே போய்விடும்.

இதில் அரைகுறை ரகங்களும் உண்டு. ஒயர் ஒரிஜினல், கனெக்டர் வேறு. கனெக்டர் ஒரிஜினல், ஒயர் வேறு. நீளமான கேபிளை வெட்டி இரண்டு ஜோடியாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். "கம்பெனியில் மிஞ்சிய சரக்கு, அதே ஃபேக்டரி தயாரிப்பு" என்று சொல்லி விற்பது இன்னொரு வழி. நிறுவனத்தின் பார்வையில் இவை எதுவுமே ஒரிஜினல் இல்லை. அதனால் சர்வீஸும் கிடைக்காது.

கேட்டுப் பார்த்தால் தெரியாதா?

பலரும் முதலில் செய்வது இதைத்தான். இரண்டு நாள் கேட்டுப் பார்ப்பார்கள். "பேஸ் டைட்டா இருக்கு, வோக்கல் முன்னாடி வருது, அப்போ ஒரிஜினல்தான்" என்று முடிவு செய்துவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சோதனையின் பலவீனம் புரியும். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண செப்பு ஒயரை இரண்டு மீட்டர் நீளத்துக்கு எடுத்துக்கொள்வோம். கரன்ட் போய் வர மொத்தம் நான்கு மீட்டர். இதன் மின்தடை சுமார் 0.027 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் இது 0.3 சதவிகிதம்தான். செம்பைவிட வெள்ளி சுமார் 6 சதவிகிதம் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அந்த 6 சதவிகித வித்தியாசமும் இந்த 0.3 சதவிகிதத்துக்குள்தான் வர வேண்டும். அதாவது, ஒழுங்காகச் செய்யப்பட்ட போலியும் ஒரிஜினலும் ஒலியில் மிக நெருக்கமாகவே இருக்கும்.

விலையுயர்ந்த கேபிளால் ஒலி மாறுமா என்பது ஆடியோ உலகில் முடியாத சண்டை. 2007-ல் ஜேம்ஸ் ராண்டி என்ற அமெரிக்கர் ஒரு சவால் விட்டார். 7,250 டாலர் விலையுள்ள பியர் நிறுவனத்தின் 'ஆன்ஜூ' ஸ்பீக்கர் கேபிளையும் சாதாரண கேபிளையும், எது எது என்று தெரியாமல் கேட்டே பிரித்துச் சொல்பவருக்கு 10 லட்சம் டாலர் என்றார். கேபிள் நிறுவனம் பின்வாங்கியது. அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவே இல்லை.

அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும், வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. விலையும் பெயரும் தெரிந்த பிறகு கேட்டால், நன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே ஒலியை நன்றாகக் கேட்க வைத்துவிடும். உறையில் இருக்கும் பெயர்தான் அந்த எதிர்பார்ப்பைக் கிளப்புகிறது. போலியின் மீதும் அதே பெயர்தானே இருக்கிறது!

மோசமான போலி என்றால் காதுக்குத் தெரியும். சால்டர் சரியில்லாவிட்டால் கரகரப்பு வரும். ஷீல்டு இணைக்கப்படாவிட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரலாம். ஆனால் நன்றாகச் செய்யப்பட்ட போலியைக் காது காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்: எது எவ்வளவு உதவும்?

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வது முக்கியம். கீழே வரும் சோதனைகள் எல்லாமே ஒருவழிப் பாதை. தோற்றால் போலி என்ற சந்தேகம் வலுக்கும். பாஸ் ஆனால் ஒரிஜினல் என்று அர்த்தம் கிடையாது.

*எடை:* மலிவான போலிகளில் செம்புக்குப் பதில், மேலே செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்கலாம். மேலே சொன்ன 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, இரண்டு மீட்டருக்கு, சுத்தமான செம்பாக இருந்தால் சுமார் 45 கிராம் இருக்கும். செம்பு பூசிய அலுமினியம் என்றால் 17, 18 கிராம்தான். அதே மாடல், அதே நீளத்தில் உறுதியான ஒரிஜினல் ஒன்று நண்பரிடம் இருந்தால் தராசில் வைத்து ஒப்பிடலாம். ஆனால் கனமான கனெக்டரும் உறையும் போட்டு எடையை ஏற்றுவது பெரிய வேலை இல்லை.

*காந்தம்:* செம்பு, வெள்ளி, தங்கம், பித்தளை எதுவும் காந்தத்தில் ஒட்டாது. கனெக்டரின் பின் 'டப்' என்று ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள். லேசாக இழுத்தால் அவசரப்பட வேண்டாம். நிக்கல் பூச்சுக்கும் சிறிது காந்த ஈர்ப்பு உண்டு. ஒயரின் நடுவே ஃபெரைட் வளையம் வைத்த கேபிள்களும் இருக்கின்றன.

*மல்டிமீட்டர்:* கேபிளின் மின்தடையை அளந்து செம்பா, அலுமினியமா என்று சொல்லிவிடலாம் எனச் சிலர் நினைக்கிறார்கள். சாதாரண மல்டிமீட்டர் 0.1 ஓம் வரைதான் காட்டும். அளக்க வேண்டியதோ 0.02, 0.04 ஓம். மீட்டரின் சொந்த ஒயருக்கே அதைவிட அதிக தடை உண்டு. அதனால் கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க மட்டுமே இது பயன்படும்.

*கெபாசிட்டன்ஸ்:* இது கொஞ்சம் உருப்படியான சோதனை. சில நிறுவனங்கள் ஒரு மீட்டருக்கு அல்லது ஓர் அடிக்கு எவ்வளவு கெபாசிட்டன்ஸ் என்று தங்கள் கேபிளின் அளவுகளை வெளியிடுகின்றன. எல்.சி.ஆர் மீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் ஒருவரிடம் கொடுத்து அளந்து பார்க்கலாம். வெளியிட்ட அளவிலிருந்து பல மடங்கு விலகியிருந்தால், உள்ளே இருப்பது வேறு ஒயராக இருக்க வாய்ப்பு அதிகம்.

*பேட்டரி பெட்டி:* ஆடியோகுவெஸ்டின் மேல்வரிசை கேபிள்கள் சிலவற்றில் 'டி.பி.எஸ்' என்ற சின்ன பேட்டரி பெட்டி இருக்கும். அதில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் லைட் எரியும். வெறும் காலிப் பெட்டியை ஒட்டிய போலி என்றால் இங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் பழைய ஒரிஜினலிலும் பேட்டரி தீர்ந்திருக்கலாம். லைட் எரியும்படி ஒரு போலியைச் செய்வதும் கஷ்டமில்லை.

வெளித்தோற்றத்தில் என்ன பார்க்கலாம்?

எழுத்துகளின் வடிவம், இடைவெளி, ஸ்பெல்லிங், அம்புக்குறியின் திசை ஆகியவற்றை நிறுவனத்தின் சொந்தப் படங்களோடு ஒப்பிடுவது முதல் வேலை. அடுத்தது காலப் பொருத்தம். ஒரு மாடல் பல தலைமுறைகளாக வந்திருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் கனெக்டர், உறையின் நிறம், பெட்டி எல்லாம் மாறியிருக்கும். பழைய மாடலின் பெயரில் புதிய தலைமுறை கனெக்டர் இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். கனெக்டரை மாற்றியதற்கான நியாயமான காரணமும் இருக்கலாம். அப்படியென்றால் மாற்றியது யார், எப்போது என்று விற்பவர் சொல்ல வேண்டும்.

விலையும் ஓர் அடையாளம். சீல் பிரிக்காத பெட்டி, டாப் மாடல், ஷோரூம் விலையில் பத்தில் ஒரு பங்கு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம். அதேபோல, ஒரே ஆளிடம் பல பிராண்டுகளின் டாப் மாடல்கள், கேட்ட நீளத்தில் எல்லாம் கிடைக்கின்றன என்றால், அவர் தன் வீட்டுச் சிஸ்டத்தைக் கழற்றி விற்பவராக இருக்க வாய்ப்பு குறைவு.

சீரியல் நம்பர் இருந்தால் போதுமா?

நார்டோஸ்ட், நெதர்லாந்தின் சில்டெக் போன்ற நிறுவனங்கள் தங்கள் மேல்வரிசை கேபிள்களுக்கு சீரியல் நம்பர் தருகின்றன. நம்பரை நிறுவனத்துக்கோ இந்திய டிஸ்ட்ரிபியூட்டருக்கோ அனுப்பிக் கேட்கலாம். நம்பரே இல்லை, அல்லது அந்த நம்பர் நிறுவனத்தின் பதிவில் இல்லை என்றால், வாங்கும் யோசனையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பதிவில் இருந்தால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓர் ஒரிஜினல் கேபிளின் நம்பரைப் பார்த்து, அதையே நூறு போலிகளில் அச்சடிக்க முடியும். ஆகவே 'இந்த நம்பர் உண்மையா?' என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த நம்பரில் விற்கப்பட்டது எந்த மாடல், எத்தனை மீட்டர், எந்த வகை கனெக்டர், எந்த ஆண்டு, எந்த நாட்டு டீலருக்குப் போனது என்று கேட்க வேண்டும். நம்பருக்குரிய கேபிள் மூன்று மீட்டர், கையில் இருப்பது இரண்டு மீட்டர் என்றால் விஷயம் முடிந்தது.

விற்பவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. விளம்பரப் படத்தில் முழு நம்பரும் தெரியும்படி போட்டால், போலி தயாரிப்பவருக்கு இலவசமாக ஒரு நம்பர் கொடுத்ததாகிவிடும். கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டு, உண்மையாக விசாரிப்பவருக்கு மட்டும் தனியாக அனுப்புவது நல்லது. எனவே நம்பரை மறைத்துப் படம் போட்டவர் எல்லாம் மோசடிக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். தனியாகக் கேட்டும் தர மறுத்தால்தான் பிரச்னை.

அப்போ, எதைத்தான் நம்புவது?

கேபிளின் வரலாற்றை. முதலில் விற்றது எந்த டீலர், வாங்கியது யார், இப்போது யார் கையில் இருக்கிறது என்ற தொடர்ச்சி அறுபடாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். பழைய கார் வாங்கும்போது ஆர்.சி புத்தகம் பார்ப்பது போலத்தான் இதுவும். டீலர் பில், அதில் இருக்கும் மாடலும் நம்பரும், அந்த டீலரிடம் போன் போட்டு உறுதி செய்வது ஆகிய மூன்றும் பொருந்தினால், வேறு எந்தச் சோதனையையும்விட அது வலுவான ஆதாரம்.

ஹெச்.டி.எம்.ஐ கேபிளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகும். 48 ஜிகாபிட் வேகம் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' ரகத்துக்குப் பொதுவான தரச் சோதனை இருக்கிறது. பெட்டியில் ஒட்டிய லேபிளை அதிகாரபூர்வ ஆப்பில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். அனலாக் ஆடியோ கேபிளுக்கு அப்படி எல்லோருக்கும் பொதுவான முத்திரை எதுவும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப பில்லும் டீலரும்தான் இருக்கிறார்கள்.

"பில் தொலைஞ்சுபோச்சு ப்ரோ, நானும் செகண்ட்ஸ்லதான் வாங்கினேன்" என்ற பதில் அடிக்கடி வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். இந்தச் சந்தையின் சங்கடமே அதுதான். போலியை விற்பவர் பல நேரங்களில் மோசடிக்காரர் இல்லை. மூன்று வருடம் முன்பு ஏமாந்து வாங்கி, இன்னும் ஒரிஜினல் என்று நம்பிக்கொண்டிருக்கும் சாதாரண இசைப் பிரியர். அவர் முகத்தில் பொய் தெரியாது, ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அதனால் ஆளைப் பார்த்து நம்புவதும் இங்கே பலிக்காது.

பவர் கேபிள் என்றால் கூடுதல் கவனம்

சிக்னல் கேபிளில் ஏமாந்தால் போவது பணம் மட்டும். 230 வோல்ட் ஓடும் பவர் கேபிளில் உயிரும் பணயம். தடிமனான உறைக்குள் மெல்லிய கம்பி இருக்கலாம். எர்த் இணைப்பே இல்லாமல் இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால் காப்பாற்ற வேண்டியது அந்த எர்த்தான்.

எங்கும் சொருகாத நிலையில், மல்டிமீட்டரை 'பீப்' மோடில் வைத்து, ஒரு முனையின் எர்த் பின்னுக்கும் மறு முனையின் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஃபேஸ், நியூட்ரலுக்கும் அப்படியே. வெவ்வேறு பின்களுக்கு இடையில் பீப் சத்தம் வரக் கூடாது. இது பாஸ் ஆனாலும் உள்ளே இருக்கும் கம்பியின் தடிமன் தெரியாது. ஒரிஜினலா என்பதில் சந்தேகம் இருக்கும் பவர் கேபிளைப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

போலி டிரேட்மார்க் போட்ட பொருளை விற்பது, 1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 104-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். போலி என்று தெரியாமல், உரிய எச்சரிக்கையோடு நடந்துகொண்டதாக நிரூபிப்பவருக்கு விலக்கு உண்டு. போலி என்று தெரிந்தே ஒரிஜினல் எனச் சொல்லிப் பணம் வாங்கினால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் வரும் மோசடி.

கடையிலோ டீலரிடமோ வாங்கியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனடியாக 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பணம் அனுப்பும் முன்...

- டீலர் பில்லின் படத்தைக் கேளுங்கள். விற்பவரின் முகவரி, போன் நம்பரை மறைத்துக் கொடுத்தால் தவறில்லை. மாடலும் தேதியும் டீலர் பெயரும் தெரிய வேண்டும்.
- அன்றைய தேதியைப் பேப்பரில் எழுதி, கேபிளின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருளே கையில் இல்லாமல் விற்பவர்கள் இதிலேயே கழன்றுகொள்வார்கள்.
- சீரியல் நம்பரையும் படங்களையும் நிறுவனத்துக்கோ டிஸ்ட்ரிபியூட்டருக்கோ மெயில் அனுப்புங்கள். பதில் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள். "இன்னொருத்தர் ரெடியா இருக்கார்" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.
- "நிறுவனம் போலி என்று சொன்னால் இத்தனை நாளுக்குள் முழுப் பணமும் திருப்பித் தருகிறேன்" என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.
- முடிந்தவரை நேரில் பார்த்துப் பணம் கொடுங்கள். முழுத் தொகையையும் யு.பி.ஐ-யில் முன்கூட்டியே அனுப்ப வேண்டாம்.

வாங்கிய பிறகு போலி என்று தெரிந்தால்?

முதலில் விற்பவரிடம் ஆதாரத்தோடு பேச வேண்டும். அவரும் ஏமாந்தவராக இருந்தால், அவர் தனக்கு விற்றவரிடம் கேட்க அந்த ஆதாரம் உதவும். பணம் திரும்பக் கிடைக்காவிட்டால் வரும் அடுத்த யோசனைதான் ஆபத்தானது: 'நாமும் யாருக்காவது தள்ளிவிட்டால் என்ன?' போலிகள் இத்தனை வருடம் சுற்றிவருவது அந்த ஒரு முடிவால்தான். முதலில் ஏமாந்தவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. தெரிந்து விற்பவருக்குக் கிடையாது. சிக்னல் கேபிளாக இருந்தால், 'போலி' என்று மார்க்கரில் எழுதி வைத்துவிட்டுச் சொந்தமாகப் பயன்படுத்தலாம். பவர் கேபிளை வெட்டித்தான் போட வேண்டும்.

பில்லும் இல்லை, நிறுவனத்தின் பதிலும் இல்லை, ஆனாலும் அந்தக் கேபிள் மேல் ஆசை விடவில்லை என்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு உதவும். நாளைக்கே அது போலி என்று தெரியவந்தால் எவ்வளவு இழந்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறதோ, அந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தொகை, ஒரு நல்ல சாதாரண செப்பு கேபிளின் விலையைத் தாண்டாது.